முன்தலைக் கரி

2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஆறாம் திகதி, வியாழக்கிழமை, களுபோவிலயில் ஒரு கிளினிக்கில் ஹியூபேட் சவுந்தரநாயகத்துக்கு டெஸ்டோஸ்டெரோன் ஊசி முதன்முதலாகப் போடப்பட்டது. அப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது.

அவன் அங்கே போனது கை முறிந்ததனால். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் முடித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவன் கிளார்க். களஞ்சியப் படியில் கால் இடறி, சுவரில் கையை ஊன்றினான். விழவுமில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் அம்மா, இது எழுபது வயதுக் கிழவியின் எலும்பு என்றார். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தார். எத்தனை நாளைக்கு ஒருமுறை சவரம் செய்கிறீர்கள் என்று கேட்டார். பத்து நாள், சில வேளை இரண்டு கிழமை என்று அவன் சொன்னான். கலியாணமாகி எத்தனை வருடம், பிள்ளைகள் உண்டா, படியேறினால் களைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். மூளைக்கு அடியில் கடலைப் பருப்பளவு சுரப்பி ஒன்று சிறு வயதிலிருந்தே அரைகுறையாக வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தது. ஆணுக்கு உடம்பிலே ஊற வேண்டியது அவனுக்கு ஊறவில்லை. அதை ஊசியால் கொடுக்க வேண்டும், மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும்.

அவன் எழுந்து வரும்போது டொக்டர் அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். "அப்பாவுக்கு வழுக்கையா?"

"ஓம். முப்பது வயசிலயே."

"அப்ப உங்களுக்கும் வரும். இவ்வளவு காலம் வராததுக்குக் காரணம் இந்தக் குறைபாடுதான்."

ஹியூபேட் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவனுக்கு அடர்ந்த சுருட்டை முடி. கொட்டாஞ்சேனையில் அவனோடு படித்தவர்களுக்கெல்லாம் நரைத்தும் உதிர்ந்தும் போயிருக்க, இவன் மட்டும் பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் இருப்பது போலவே இருந்தான். தொண்ணூறுகளில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் அந்த அட்டையைக் காட்டியிருக்கிறான். படத்தையும் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார்கள், போ என்பார்கள். ஒரு நாள் கூட அவனை நிற்பாட்டி வைத்ததில்லை.

ஊசி விஷயம் மனைவி ஐறீனுக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் அவளிடம் மாதா சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தான். அவர்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கீழ் வீட்டில் சொந்தக்காரி சரோஜினிதேவி, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஒழுங்கையில் யாருக்கு என்ன வருத்தம் என்பது பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும். அதனால் ஊசி போடுவதற்கு ஹியூபேட் மாளிகாவத்தைக்குப் போனான். அங்கே ஸாலிஹ் என்ற பழைய அப்போதிக்கரி, தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தார். கிளினிக் கொப்பியில் திகதியை எழுதி, எந்தப் பக்கம் என்று குறித்து, கையெழுத்து வைப்பார். ஒரு முறை வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம்.

"எண்ணெ மருந்து மகன், மொத்தமா ஈக்கிது. மெதுவாத்தான் ஏத்தோணும்," என்பார். "ரெண்டு நாளைக்கி அந்தப் பக்கம் சாஞ்சி குந்த ஏலாது. பொண்டாட்டி கேட்டா பஸ்ஸில இடிபட்டதெண்டு சொல்லுங்க."

"அவவுக்குத் தெரியும் நானா."

"தெரியுமா? அப்ப நீங்க குடுத்து வெச்ச மனிசன்."

ஆறு மாதத்தில் உடம்பு மாறியது. துறைமுகத்தில் முதலாம் வாயிலிலிருந்து களஞ்சியம் வரை நிற்காமல் நடந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு இடியப்பம் போட்டால் இன்னும் கேட்டான். குரல் இறங்கியது. தாடி வந்தது, முதலில் நாடியில், பிறகு கன்னமெல்லாம். ஐறீன் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினில் இருந்தபடியே அவன் படியேறி வரும் சத்தத்தைக் கேட்பாள். முன்பு நடுப்படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்குவான். இப்போது நிற்பதில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மட்டும் அதிக நேரம் முழந்தாளில் இருந்தாள்.

இரண்டாவது வருடம் முடி கொட்டத் தொடங்கியது. தலையணை உறையில், சீப்பில், குளியலறைத் தண்ணீர் போகும் துளையில். இரண்டு நெற்றிப் பொட்டும் மேலே ஏறின. பிறகு நடுவும் போயிற்று. டொக்டர் அம்மா தலையில் தடவ ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். ஸ்பிரிட் வாசம் அடிக்கும். காலையும் மாலையும் தடவினான். குளிசையும் ஒன்று இருக்கிறது, கொட்டுவதைக் கொஞ்சம் தாமதமாக்கும், ஆனால் ஊசியால் வந்த நல்லதில் சிலதைக் குறைக்கவும் கூடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஊசியை நிறுத்தினால் போன முடி திரும்ப வருமா என்று ஹியூபேட் கேட்டான். வராது, எலும்புதான் திரும்பவும் போகும் என்று அவர் சொன்னார். அந்தக் கேள்வியை அவன் கேட்டது ஐறீனுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குள் யுத்தம் மீண்டும் மூண்டிருந்தது. பஸ்களில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர்கள் பொலிஸில் பதியப்பட்டன. பதிந்த படிவத்தின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். ஹியூபேட்டிடம் அடையாள அட்டை ஒன்றும் துறைமுகப் பாஸ் ஒன்றும் இருந்தன. பாஸ் 2004இல் எடுத்தது. இரண்டு படத்திலும் ஒரே முகம்: சுருட்டை முடி, மழமழவென்ற கன்னம். அவற்றை நீட்டுபவனுக்கோ ஏறிய நெற்றியும் காலையில் சவரம் செய்தால் மாலையில் பச்சை படியும் தாடையும்.

"மே கவுத?" இது யார் என்று பாமன்கடைச் சந்தியில் ஒரு சிப்பாய் கேட்டான். "உன்ர தம்பியா?"

"நான்தான்."

"மூண்டு வருசத்தில மனுசன் இப்பிடி மாறுவானா?"

அன்று நாற்பது நிமிடம் நின்றான். அடுத்த கிழமை வேறு இடத்தில் ஒரு மணித்தியாலம். புதிய அட்டை எடுக்கலாமென்று கிராம சேவகரிடம் போனான். அவர் பழைய படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன வருத்தம் வந்தது? டொக்டர் கடிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி நான் சேர்டிபை பண்ணிப்போட்டுப் பிறகு நான் பதில் சொல்ல வேணும்," என்றார். பக்கத்து வாங்கிலில் சரோஜினிதேவியின் தங்கை மகன் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். ஹியூபேட் வெளியே வந்துவிட்டான்.

"கடிதத்தைக் குடுத்தா என்ன?" என்று ஐறீன் கேட்டாள்.

"கடிதத்தில என்ன எழுதியிருக்கும் தெரியுமா? படிக்கிறவன் முதல் என்ர தாடியையா பாப்பான்? உன்ர வயித்தைப் பாப்பான். ஏழு வருசமாப் பிள்ளை இல்லாததுக்குக் காரணம் கிடைச்சிட்டுது எண்டு கதைப்பான்."

"கதைக்கட்டுமே."

"உனக்குச் சொல்ல லேசு."

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் ஆண்கள் சலூனுக்குப் போவதில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கதிரையில் இருந்ததும் அடையாள அட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். சலூன்காரர் இராமர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைப்பார். படத்தில் வகிடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வகிடு. படத்தில் மீசை இல்லையென்றால் கேட்காமலே மீசையை எடுத்துவிடுவார். இருபது வருடத்துக்கு முந்திய கிருதாக்களோடு மனிதர்கள் தெருவில் நடந்தார்கள். இராமர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை.

2007 நவம்பர் கடைசியில் ஹியூபேட் அங்கே போய் அட்டையை நீட்டினான். இராமர் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுக்காமல் நின்றார்.

"என்னா சார், இது உங்க அட்டதானா?"

"வேற ஆரிட?"

"நான் கேக்கல சார். அவனுக கேப்பானுக." அவர் அவனுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மொட்ட ஆகுறது எல்லாருக்கும் ஆகுறதுதான். மொட்டையும் ஆயி தாடியும் புதுசா மொளைக்குமா? நானும் எத்தனையோ தல பாத்திருக்கேன். ஏதாச்சும் மாத்தணும்னு மாத்துறீங்களா?"

"விசர்க் கதை கதைக்காதீங்க இராமர்."

"கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ரெண்டு பேரு வந்து ஒக்காந்துட்டு, யாரு யாரு தலைய மாத்துறாங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. சிவில் உடுப்புல. நான் புள்ளகுட்டிக்காரன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் தலைய மாத்துறதில்ல, பழைய தலையத்தான் திருப்பிக் குடுக்குறேன்னு சொன்னேன்." இராமர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கு வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல சார். வரையத்தான் முடியும். எங்க தோட்டத்துல காமன் கூத்துக்கு மீச வரைவோம். செரட்டைக் கரி. நல்லா இடிச்சு, துணியில சலிச்சு, வாசலின்ல கொழச்சா ஒட்டிக்கும். பின்னால உள்ள முடிய முன்னுக்கு இழுத்து விட்டு, எடையில தெரியிற தோலுக்குக் கரி. பத்தடி தள்ளி நின்னு பாத்தா படந்தான்."

தலைவலித் தைலம் முடிந்த ஒரு சின்ன பாம் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். ஹியூபேட் முதல் நாள் பூசிக்கொண்டு போனான். பாமன்கடைச் சிப்பாய் அட்டையைப் பார்த்தான், தலையைப் பார்த்தான், கையைக் காட்டினான். போ. மூன்று சாவடியிலும் போ. அன்று வேலை முடிந்து வரும்போது அவன் ஐறீனுக்கு ஃபலூடா வாங்கி வந்தான்.

அதே கிழமைகளில்தான் வேறொன்றும் நடந்தது. ஐறீன் அதை உடனே கண்டுபிடிக்கவில்லை. ஜனவரியில் ஒரு நாள் அவன் படியேறி வரும் சத்தம் நடுவில் நின்றது. பிறகு தொடர்ந்தது. அடுத்த நாளும் நின்றது. பெப்ரவரியில் ஏழு இடியப்பம் நாலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் தூங்கினான். சவரக் கத்தி இரண்டு நாள் ஈரம் படாமல் கிடந்தது.

மார்ச் ஆறாம் திகதி வியாழக்கிழமை, ஊசி நாள். காற்று அசையாத வெக்கை. கடற்கரை ரயில் போகும்போது மட்டும் யன்னல் சீலை ஆடியது. ஐறீன் பாணும் பருப்பும் கட்டைச் சம்பலும் மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருந்தாள். ஹியூபேட் நிமிர்ந்து, கதிரையில் நன்றாகச் சாய்ந்து சாப்பிட்டான்.

"ஸாலிஹ் நானா ஊசி போட்டவரா?"

"ஓம்."

"எந்தப் பக்கம்?"

"இடம்."

"போன முறையும் இடம் எண்டுதானே சொன்னீங்க."

அவன் பாணைப் பருப்பில் தோய்த்தான். "எனக்கு ஞாபகமில்ல. வலமா இருக்கும்."

அவள் எழுந்து, தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போவது போல் அவனுக்குப் பின்னால் போய், இடது இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை அழுத்தினாள். பிறகு வலப்பக்கம். முன்பெல்லாம் ஊசி நாளில் விரல் பட்டாலே துள்ளுவான். இப்போது வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தான்.

"என்ன செய்யிற நீ?"

"நோகேல்லையா?"

"நல்லாப் போட்டிருக்கிறார். நோகேல்ல."

"கொப்பியைக் காட்டுங்க."

"ரோட்டில பொலிஸ்," என்று அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினான். "வீட்டில நீ. நிம்மதியாத் தின்னவும் விடுறீங்க இல்ல."

கொப்பி அலுமாரியின் மேல் லாச்சியில் பூட்டி இருந்தது. திறப்பை அவன் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருந்தான். ஐறீன் அன்று எதுவும் செய்யவில்லை. வேறு பெண் என்ற நினைப்பு அவளுக்கு ஒரு பொழுதும் வரவில்லை. ஊசியை விட்டுவிட்டான் என்று தோன்றியது. விட்டிருந்தால் வியாழக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் பிந்தி வருகிறானே, எங்கே போகிறான் என்பதுதான் விளங்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருவன் எங்கே போகிறான் என்று தெரியாமல் இருப்பது சின்ன விஷயமல்ல.

மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, அவன் கண்ணாடிக்கு முன் நின்று கரி பூசுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்குப் பூச வேணாம். இந்த வெய்யிலுக்கு வடியும்."

"மூண்டு மாசமா வடியேல்ல."

"அது மார்கழி, தை."

அவன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

பத்தரை மணிக்குக் கீழ் வீட்டு டெலிபோன் அடித்தது. சரோஜினிதேவி படியின் அடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை ஐறீன்! இஞ்ச வாரும். பொலிஸில இருந்து கோல். உம்மட மனுசனைப் பிடிச்சு வைச்சிருக்காம். வேசம் போட்டுக்கொண்டு போனவராம். என்ன கதை இது?"

ஐறீன் மேலேயிருந்தே, "வாறன் அக்கா," என்றாள். அலுமாரிக்கு முன் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து, லாச்சியின் இடுக்கில் விட்டு நெம்பினாள். பலகை பிளந்தது. நீல மட்டைக் கொப்பியை எடுத்து, அரைகுறையாகத் தைத்த சட்டைத் துணியில் சுற்றி, பையில் வைத்தாள்.

ஓட்டோவில் சரோஜினிதேவியின் கண் அந்தப் பையிலேயே இருந்தது.

"என்ன கொண்டு வாறீர்?"

"மருந்துக் கொப்பி."

"அவருக்கு என்ன வருத்தம்? ரெண்டு வருசமா நானும் பாக்கிறன். மீசை முளைச்ச பொடியனைப் போலக் குரல் உடைஞ்சுது. நான் கேக்கேல்லை. கேட்டா வாடகைக்காரரோட ஏன் கொழுவல் எண்டு இருந்தனான். இப்ப வீட்டுக்காரி எண்டு என்ர பெயரெல்லோ அந்தப் பொலிஸ் பதிவுப் படிவத்தில கிடக்கு."

"உங்களுக்கு ஒண்டும் வராது அக்கா."

"அதை நீர் சொல்லக் கூடாது. அவங்கள் சொல்ல வேணும்."

பொலிஸ் நிலையத்தில் ஹியூபேட் ஒரு வாங்கிலில் இருந்தான். நெற்றியிலிருந்து இரண்டு கறுப்புக் கோடு புருவம் வரை வடிந்து காய்ந்திருந்தது. ஒன்று மூக்கின் பக்கமாகச் சட்டைக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பஸ்ஸில் வியர்த்து, சாவடி வரிசையில் வெயிலில் நின்றபோது வழிந்திருக்கிறது. வரிசையில் பின்னால் நின்ற பெண்தான் முதலில் கத்தியவள் என்று பிறகு சொன்னார்கள்.

பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. ஐறீன் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அவளுக்கு அது கஷ்டமில்லை. சரோஜினிதேவிக்குப் பேச வராது, கேட்டால் விளங்கும்.

இன்ஸ்பெக்டர் மேசையில் அடையாள அட்டை, துறைமுகப் பாஸ், பாம் டப்பா மூன்றையும் வரிசையாக வைத்திருந்தார்.

"ஏன் தலையில் கரி பூசினாய் என்று இவரிடம் கேட்டோம். ஐசி அட்டைப் படத்தில் இருக்கிற ஆளைப் போல் இருப்பதற்கு என்கிறார். அது யார் என்று கேட்டோம். தான்தான் என்கிறார். உன்னைப் போலவே நீ ஏன் வேஷம் போட வேண்டும் என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை."

"சொல்லுங்க," என்று ஐறீன் ஹியூபேட்டிடம் தமிழில் சொன்னாள்.

அவன் மாட்டேன் என்று தலையை அசைத்தான். சரோஜினிதேவி பக்கம் கண்ணைக் காட்டினான்.

அவள் கொப்பியைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "இவருக்குச் சுரப்பி வருத்தம். ஆம்பிளைகளுக்கு உடம்பில் ஊறுகிற மருந்து இவருக்கு ஊறுவதில்லை. அதை ஊசியாகப் போடுகிறார்கள். அதனால்தான் தாடி வந்தது, முடி கொட்டியது. எல்லாம் இதில் எழுதியிருக்கிறது. டொக்டரின் முத்திரை இருக்கிறது."

ஹியூபேட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாக வாசித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மூன்று கிழமைக்கு ஒருமுறை?"

"ஓம், மஹத்தயா."

"கடைசியாகக் கையெழுத்து இருப்பது நவம்பர் இருபத்திரண்டு." அவர் கொப்பியை அவள் பக்கம் திருப்பினார். "அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி, இந்த மாதம். ஐந்து ஊசி இல்லை. ஆயுள் முழுவதும் போட வேண்டிய மருந்து என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஏன் நிறுத்தினார்?"

ஐறீன் வெறும் கட்டங்களைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இங்கே, இந்த மேசையில் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

"அந்த வியாழக்கிழமைகளில இரண்டு மணித்தியாலம் எங்க போனீங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"சிங்களத்தில் கேளுங்கள் நோனா," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களுக்கும் அதே கேள்விதான்."

அவள் சிங்களத்தில் கேட்டாள்.

ஹியூபேட் நெற்றியில் காய்ந்திருந்த கரியைத் துடைத்தான். "பொரளைக்கு அங்கால ஒரு வெத மஹத்தயாவிடம், நாட்டு வைத்தியரிடம், போனேன்," என்று சிங்களத்தில் சொன்னான். "தலைக்குப் பற்றுப் போடுவதற்கு. பச்சிலை அரைத்துப் பூசி ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். முடி முளைக்கும் என்றார். ஆனால் உடம்பில் வேறு எந்த மருந்தும் இருக்கக்கூடாது என்றார். அதனால் ஊசியை விட்டேன்."

கதவருகில் நின்ற சார்ஜன்ட் தன் தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் காதோரம் மட்டும்தான் முடி. "முளைத்ததா?" என்று கேட்டான்.

"இல்லை."

"சார்ஜன்ட்," என்றார் இன்ஸ்பெக்டர். சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

வைத்தியரின் பெயரும் இடமும் எழுதப்பட்டன. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். வைத்தியர் கூட்டத்தோடு சிவனொளிபாத மலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஒரு வேலைக்காரி மட்டும் இருந்தாள். யாரோ ஒரு மஹத்தயா வியாழக்கிழமை வருவார், பெயர் தெரியாது என்றாள். வைத்தியர் திரும்பி வரும்வரை ஹியூபேட்டை வைத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

திரும்பும் வழியில் சரோஜினிதேவி ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி வந்தார். ஒழுங்கை திரும்பும்போது, "நீர் அதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்," என்றார். "வருத்தம் வருத்தந்தானே. அதுக்கு ஆர் சிரிக்கப் போகினம்?"

"அவர் சொல்ல வேண்டாமெண்டவர்."

"ம்." ஓட்டோ நின்றது. அவர் இறங்காமல் இருந்தார். "நான் பிணைக்குக் கையெழுத்து வைக்கிறன். அது என்ர கடமை. ஆனா ஏப்ரல் முடிய நீங்கள் வேற வீடு பாக்க வேணும். பொலிஸ் ஒருக்கா வந்த வீட்டுக்குத் திரும்பவும் வரும். நான் தனிச்ச மனுசி."

ஐறீன் மூன்று நாள் காலையும் மாலையும் சாப்பாடு கொண்டு போனாள். உள்ளே விடவில்லை. சார்ஜன்ட் வாங்கி, பாணைப் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொண்டு போவான். வியாழக்கிழமை அவளிடம் அந்த வைத்தியரைப் பற்றிக் கேட்டான். பற்றில் என்ன இலை, எரியுமா என்று. அவள் தெரியாது என்றாள். ஹியூபேட்டைப் புதன்கிழமை வேறு கட்டடத்துக்குக் கொண்டு போனபோது ஜீப்பிலிருந்து இறங்கக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு நோகிறதாம் என்றும் சார்ஜன்ட் சொன்னான். "நடிக்கிறார் என்கிறார்கள். வீக்கம் இல்லை."

வைத்தியர் வெள்ளிக்கிழமை காலை வந்து, ஓம், இவர்தான், வியாழக்கிழமை மூன்றரைக்கு வருவார், காசைக் கையோடு கொடுப்பார், பொறுமை இல்லாத நோயாளி என்று எழுதிக் கொடுத்தார். சரோஜினிதேவி கையெழுத்து வைத்தார். மாலை நாலு மணிக்கு ஹியூபேட்டை விட்டார்கள். பாம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இருவரும் காலி வீதியில் பஸ் எடுக்காமல் நடந்தார்கள். அவன் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தான். நாலு நாள் தாடி முளைத்திருந்தது. அதுவும் முன்னைய அடர்த்தி இல்லை.

"லாச்சியை உடைச்சனி," என்றான்.

"ஓம்."

"சத்தியத்தையும்."

"அதையும்." அவள் நின்றாள். "நீங்க ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா விட்டிருப்பியா? ஊசி போட முதல் பதினாறு வருசம் ஒருத்தனும் என்னை பஸ்ஸால இறக்கி வைக்கேல்ல ஐறீன். களைப்புத்தான். களைச்சாலும் மனுசன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இப்ப நல்ல உடம்போட வெளிக்கிட்டு, வருவனோ தெரியாது எண்டு போறன். எது திறம் எண்டு நீ சொல்லு."

அவர்களைத் தாண்டி ஒரு பஸ் போயிற்று; சனம் மிதிபலகையில் தொங்கியது.

"அந்தக் கையைக் காட்டுங்க," என்றாள்.

அவன் காட்டினான். மணிக்கட்டு ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இதுதான் நான் சொல்லுறது. ஜீப்பால இறங்கினா முறியிற கையோட நீங்க எங்க போய் என்னெண்டு வந்து சேருவீங்க? ஆரும் அடிக்கேல்ல. நீங்களா முறிச்சது."

"பாக்கிறவன் எல்லாம் சந்தேகப்படுறான்."

"படட்டும். நானும் படுறன். கடிதத்தை வாங்கிக் கொண்டு போய்க் குடுங்க, மடிச்சு ஐசியோட வைச்சுக்கொண்டு போங்க. படிக்கிறவன் படிக்கட்டும். அண்டைக்கு அந்த அறையில எல்லாரும் கேட்டாங்கள். என்ன நடந்தது? சார்ஜன்ட் தன்ர தலையைத்தான் பாத்தான்."

ஹியூபேட்டுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது. "சரோஜினி அக்கா?"

"வீட்டை விடச் சொல்லிட்டா."

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தார்கள்.

எலும்பு பழைய இடத்திலேயே வெடித்திருந்தது. பிளாஸ்டர் போட்டார்கள். டொக்டர் அம்மா இரத்தத்தையும் எலும்பின் அடர்த்தியையும் பார்த்து, இரண்டு வருடத்தில் ஏறியதில் பாதி போய்விட்டது என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைச் சிங்களத்திலும் எழுதித் தரும்படி ஐறீன் கேட்டாள்.

மார்ச் இருபதாம் திகதி பெரிய வியாழன். மாளிகாவத்தையில் ஸாலிஹ் ஊசி போட்டார். ஐறீன் கூடப் போயிருந்தாள். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் கொப்பியை மூடினாள். ஏப்ரல் இருபத்தெட்டாம் திகதி அவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினார்கள். அதற்குப் பிறகு ஊசி தவறவில்லை. சாவடிகளில் அட்டையோடு கடிதத்தையும் நீட்டினான். கை ஏழு கிழமையில் பொருந்தியது. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் முன்தலையில் முடி முழுவதும் போய்விட்டது.